வலுவிழந்த புயலும் வன்னிக் குளங்களும்

"புயல் வலுவிழந்து தாழமுக்கமாக மாறி வடக்கு நோக்கி நகர்கின்றது" என்று வானொலி அறிவித்ததும் நகரத்து மக்கள் ஆறுதல் அடைவர். காற்றின் சீற்றம் தணிந்ததெனின் ஆபத்தும் நீங்கிற்று என்பது அவர்தம் கருத்து. வன்னிப் பெருநிலத்துக் கமக்காரனோ அச்செய்தி வந்த பின்னரே மண்வெட்டியை எடுத்துக்கொண்டு குளக்கட்டுக்குப் புறப்படுகின்றான். கூரையைக் காற்றுக் கொண்டுபோகுமோ என்ற அச்சம் ஓர் இரவோடு தீர்ந்துவிடும்; குளம் தாங்குமோ என்ற அச்சம் மழை ஓய்ந்து இரண்டு மூன்று நாள் கழிந்தும் தீர்வதில்லை.

இவ்விரு அச்சங்களுக்கும் இடையிலுள்ள வேறுபாடு வரலாற்று மாணவர் கருத்தூன்றி நோக்கவேண்டியது. காற்று தன் போக்கில் வீசுகின்றது. வெள்ளமோ எந்த வாய்க்கால் வழியாக வருகின்றது, எவர் வயலில் முதலிற் புகுகின்றது, அதற்கு எந்தக் கதவு எந்நேரம் திறக்கப்படுகின்றது என்பனவெல்லாம் மனிதர் செய்துவைத்த ஏற்பாடுகளைப் பொறுத்தவை. அவ்வேற்பாடுகளுக்கு ஒரு வரலாறு உண்டு. அவ்வரலாற்றைச் சுருக்கமாக ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

இயற்கையின் பங்கு

இயற்கையின் பங்கை முதலில் வரையறுத்துக்கொள்வோம். வங்காள விரிகுடாவில் உருவாகும் புயல் வெப்பமான கடல்நீரின் ஆவியிலிருந்தே தன் வலிமையைப் பெறுகின்றது. நிலத்தின்மீது ஏறியதும் அந்த ஊற்று அறுந்துபோகின்றது. காடும் மேடும் காற்றை உரசித் தடுக்கின்றன. காற்று தணிகின்றது. ஆயினும் புயல் சுமந்துவந்த ஈரம் வானில் எஞ்சி நிற்கின்றது. அண்மையிலுள்ள கடலும் மேலும் ஈரத்தை ஊட்டிக்கொண்டேயிருக்கின்றது. வலுவிழந்த புயல் பல வேளைகளில் மெல்ல நகரும். சில வேளை ஓரிடத்திலேயே நின்றும் விடும். அது நிற்கும் நேரம் கூடக்கூட ஒரே நிலத்தின்மீது விழும் மழையும் கூடுகின்றது.

இவ்வாறான புயல்கள் வன்னிக்கு வருவது பெரும்பாலும் கார்த்திகை, மார்கழி மாதங்களில். அவ்வேளை வாடைக்காற்றோடு வந்த மாரிமழையால் மண் ஏற்கெனவே ஊறியிருக்கும்; குளங்களும் நிரம்பும் நிலையில் இருக்கும். காலபோக நெல் வயல்களில் நிற்கும். மேலும் வன்னி சமதரை. மேட்டுநிலத்துக் குளத்தின் வான் பாயும் நீர் அடுத்த குளத்துக்கு, அதன் வான் நீர் அதற்கும் அடுத்த குளத்துக்கு என ஒன்றோடொன்று தொடுத்த குளச் சங்கிலிகள் இங்கே உள. வவுனியாவின் வடபாற் காடுகளிலிருந்து வரும் கனகராயன் ஆறு இரணைமடுக் குளத்தை நிரப்பி, அப்பாற் சென்று சுண்டிக்குளம் களப்பில் விழுகின்றது. நந்திக்கடல், நாயாறு, கொக்கிளாய் ஆகிய களப்புகளும் இவ்வாறே ஆற்றுநீரை ஏற்கின்றன. களப்புக்கும் கடலுக்கும் இடையிலுள்ள தொடுவாயை மணல் மூடிக்கிடந்தால் நீர் வெளியேற வழியின்றிப் பின்னோக்கி ஏறும்.

வவுனியாவிற் பெய்த மழை கிளிநொச்சிக்கு வெள்ளமாக வந்து சேர்வதற்கு நேரம் பிடிக்கும் என்பது இதனால் விளங்கும். இந்த இடைநேரமே மனிதருக்குக் கிடைக்கும் அவகாசம். அவ்வவகாசத்தை யார், எவ்வாறு பயன்படுத்துகின்றனர் என்பதிலேதான் வரலாறு தொடங்குகின்றது.

நினைவில் நின்றவையும் நில்லாதவையும்

1964 டிசெம்பரில் அந்தமானுக்குத் தெற்கே உருவான பெரும் புயல் 22ஆம் நாள் இலங்கையின் வடபகுதியை வவுனியா வழியாக ஊடறுத்தது. அன்றிரவே பாக்கு நீரிணையைக் கடந்து தனுஷ்கோடியை அழித்தது. பாம்பனிலிருந்து சென்ற புகையிரதம் நூற்றுக்கு மேற்பட்ட பயணிகளோடு கடலுள் மறைந்தது. இரு நாடுகளிலும் ஏறத்தாழ 1,800 பேர் மாண்டனர் என்பர். தனுஷ்கோடியின் இடிந்த தேவாலயம் இன்றும் படங்களிற் காணப்படுகின்றது. அதனாற் புயலுக்குத் தனுஷ்கோடிப் புயல் என்றே பெயர் நிலைத்துவிட்டது. அதே புயல் அதே நாளிற் கடந்துசென்ற வன்னிக் கிராமங்களுக்கு அவ்வாறான நினைவுச் சின்னம் எதுவுமில்லை. மண் வீடும் கிடுகுக் கூரையும் வீழ்ந்தால், வீழ்ந்த இடத்தில் மறு மாதமே புல் முளைத்துவிடும். இடிந்து நிற்பதற்குங்கூட முன்னர் கல்லாற் கட்டியிருத்தல் வேண்டும்.

அப்புயலுக்கு இரு மாதங்களுக்கு முன்னர், 1964 ஒக்டோபர் 30 அன்று, சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம் கைச்சாத்தாயிற்று. தலைமுறை தலைமுறையாகத் தேயிலைத் தோட்டங்களில் உழைத்த மக்களுள் 5,25,000 பேரை இந்தியா ஏற்பதென்றும் 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை வழங்குவதென்றும் இரு அரசுகளும் கணக்குத் தீர்த்துக்கொண்டன. எஞ்சிய 1,50,000 பேரைப் பற்றிப் பின்னர் பார்த்துக்கொள்ளலாம் என விட்டுவிட்டன. தலைமன்னாரிலிருந்து தனுஷ்கோடிக்குச் சென்ற கப்பல் வழியை டிசெம்பர்ப் புயல் அழித்தது. அதன்பின் ஒப்பந்தத்தின்படி அனுப்பப்பட்டோர் இராமேசுவரத்தில் இறங்கினர். போக விரும்பாதோரும் வன்செயல்களால் விரட்டப்பட்டோருமான மலையக மக்கள் பலர் வன்னியை நாடி வந்தனர். இவர்களை மீண்டும் சந்திப்போம்.

2008 நவம்பரிற் பெருமழை கொட்டியது ஒரு வலிய புயலாலன்று. இலங்கையை ஒட்டி மெல்ல வடக்கே நகர்ந்த தாழமுக்கம், 'நிஷா' என்று பெயர் சூட்டப்படுமுன்னரே வடபுலத்தை மூழ்கடித்துவிட்டது. அவ்வேளை வன்னியிற் போர் நடந்துகொண்டிருந்தது. ஐக்கிய நாடுகள் அமைப்பின் பணியாளர் செப்டெம்பரிலேயே கிளிநொச்சியை விட்டு வெளியேறியிருந்தனர். வீடிழந்து, ஊர் ஊராக நகர்ந்து, தறப்பாளின் கீழ்த் தங்கியிருந்த மக்கள்மீது அம்மழை பெய்தது. நிஷா 27ஆம் நாள் காரைக்காலுக்கு அருகே கரை கடந்தபோது செய்தித்தாள்கள் தமிழ்நாட்டு வெள்ளத்தைப் படங்களோடு வெளியிட்டன. வன்னி வெள்ளத்தைப் படமெடுக்கச் செய்தியாளர் சுதந்திரமாகச் செல்லக்கூடிய நிலை அங்கிருக்கவில்லை.

2020 டிசெம்பர் 2 இரவு 'புரெவி' திருகோணமலை மாவட்டத்துத் திரியாய்க்கும் குச்சவெளிக்கும் இடையே கரையேறி, வன்னியைக் கடந்து, மன்னார் வளைகுடாவில் அசையாது நின்று தேய்ந்தது. தேயும்போதே சோழநாட்டுக் கரையிற் பெருமழை பெய்து, சிதம்பரம் நடராசர் கோயிலுள்ளும் நீர் புகுந்தது. புயலின் மையம் ஓரிடத்திலும் மழையின் உச்சம் வேறோரிடத்திலும் இருக்கக்கூடும் என்பதற்கு இதுவே தக்க சான்று.

2025 நவம்பர் இறுதியில் 'டித்வா' வந்தது. யேமன் நாட்டுச் சொகோத்திராத் தீவிலுள்ள ஒரு களப்பின் பெயரைத் தாங்கிய இப்புயல் 28ஆம் நாள் கிழக்குக் கரையிலேறி, வடக்கு நோக்கி மெல்ல நகர்ந்து, மீண்டும் கடலிலிறங்கி வலுவிழந்தது. வவுனியாவின் செட்டிகுளத்திலும் முல்லைத்தீவின் அலம்பிலிலும் ஒரே நாளில் 300 மில்லிமீற்றருக்கு மேல் மழை பதிவாயிற்று. நாடு முழுவதிலும் 600க்கு மேற்பட்டோர் இறந்தனர். அவர்களுட் பெரும்பகுதியினர் மலைநாட்டு மண்சரிவுகளில் மாண்டவர்கள். செட்டிகுளம் என்ற பெயர் நமக்குப் புதிதன்று. 2009இல் போர் முடிந்தபின் வன்னி மக்களை இலட்சக்கணக்கில் முள்வேலிக்குள் வைத்திருந்த மெனிக் பாம் முகாம் அங்கேதான் இருந்தது. அவ்வாண்டு ஓகஸ்டில் ஓர் எதிர்பாராத மழைக்கே கூடாரங்களுள் வெள்ளம் புகுந்தது.

குளத்தைக் காத்தவர் யார்?

வன்னியின் பழங்குளங்களைக் கட்டியவர் மன்னர் என்று பாடநூல் கூறும். மண் சுமந்தவர் யார், கட்டை ஆண்டுதோறும் காத்தவர் யார் என்று அது கூறுவதில்லை. மாரிக்கு முன்னர் கட்டின் பற்றையை வெட்டி, எலி வளையை அடைத்து, அலைகரையைத் திருத்தி, துரிசைச் செப்பனிட்டு, வானைத் துப்புரவாக்கும் வேலை ஊர்மக்களின் கூட்டுழைப்பு. குளக்கட்டில் ஐயனாரையும் பிள்ளையாரையும் வைத்து வழிபட்டதும் இவ்வுழைப்போடு இணைந்ததே. கட்டின்மீது மனிதர் நாள்தோறும் நடந்து திரிவதற்கு அவ்வழிபாடு ஒரு காரணமாயிற்று. நடப்பவர் கண்ணுக்குக் கசிவும் வெடிப்பும் காலத்தோடு தென்பட்டன.

இக்கூட்டுழைப்பைப் பொற்காலமாகப் போற்றுவது தவறு. அதன் பெரும்பகுதி ஊழியம், இராசகாரியம் என்ற பெயரிற் கட்டாயமாகப் பெறப்பட்டது. தலைமைக்காரர் கட்டளையிட்டனர், சாதிப்படியிற் கீழ்நின்றோர் சுமந்தனர். எனினும் குளம் நின்றது. 1803 ஒக்டோபர் 31 அன்று கற்சிலைமடுவிற் பண்டாரவன்னியன் லெப்டினன்ட் வொன் டிறிபேர்க்கின் படையிடம் தோல்வியுற்றபின் வன்னி முற்றாக ஆங்கிலேயர் கைக்கு வந்தது. 1832இல் கோல்புறூக் ஆணைக்குழுவின் விதப்புரைப்படி இராசகாரியம் ஒழிக்கப்பட்டது. கட்டாய வேலையின் தளையை அறுத்தது நல்லதே. ஆயின் அதன் இடத்தில் என்ன வைக்கப்பட்டது? ஒன்றுமில்லை. கோப்பித் தோட்டங்களுக்குத் தெருவமைக்க முந்திய குடியேற்ற அரசுக்கு வன்னிக் குளங்களைத் திருத்துவதில் இலாபம் தென்படவில்லை. தளை அறுந்தது, அதோடு குளமும் கைவிடப்பட்டது.

1856இல் தேசாதிபதி ஹென்றி வாட் காலத்தில் நீர்ப்பாசனச் சட்டம் பிறந்தது. பழைய ஊர் வழமைகளை மீண்டும் நடைமுறைப்படுத்த அது வழிசெய்தது. ஆனால் அதற்கு இணக்கம் தெரிவிக்கும் உரிமை நிலச் சொந்தக்காரருக்கு உரியதாயிற்று. வயலில் இறங்கி உழுத வாரக்குடியானுக்கு அதில் இடமில்லை. 1895இல் ஜே. பி. லூயிஸ் எழுதிய வன்னி மாவட்டக் கைந்நூலைப் படிப்போர், உடைந்த குளங்களும் காய்ச்சலால் மெலிந்த ஊர்களும் நிறைந்த ஒரு நிலத்தையே அதிற் காண்பர்.

இரணைமடுவும் அதன் கீழ் வாழ்வோரும்

1900இல் நீர்ப்பாசனத் திணைக்களம் அமைந்தது. 1902இல் இரணைமடுக் குளத்தின் வேலை தொடங்கி 1920களின் தொடக்கத்தில் முடிவுற்றது. 1936இல் யாழ்ப்பாணத்து நெருக்கத்தையும் வேலையின்மையையும் குறைக்கும் பொருட்டுக் கிளிநொச்சிக் குடியேற்றம் உருவாயிற்று. 1948க்கும் 1977க்கும் இடையில் மூன்று கட்டங்களாகக் குளத்தின் கொள்ளளவு கூட்டப்பட்டது. பல்லாயிரம் ஏக்கரில் நெல் விளைந்தது. காட்டை வெட்டிக் கழனியாக்கிய அவ்வுழைப்பின் பெருமையை எவரும் மறுக்கமாட்டார்.

ஆயின் ஓர் உண்மையை உடன் கூறவேண்டும். ஊர்க் குளம் சிறிது. அதன் கட்டு ஊரவர் கையில். பெருங்குளத்தின் கதவு பொறியியலாளர் கையில். குளம் பெரிதாகப் பெரிதாக, நீரைப் பற்றிய முடிவும் உழவனிடமிருந்து அலுவலகத்துக்கு இடம்பெயர்ந்தது. 1957 டிசெம்பர்ப் பெருவெள்ளத்தில் வடமத்திய மாகாணத்து நாச்சதூவக் குளம் உடைந்தபோது, பெருங்குளங்களின் ஆபத்து எத்தகையதென்பதை நாடு கண்டது.

அதற்கு அடுத்த ஆண்டே, 1958இல், பிலிப் குணவர்த்தன நெற்காணிச் சட்டத்தை நிறைவேற்றினார். வயல் விதானைப் பதவியை ஒழித்து, உழுபவர் தெரிவுசெய்யும் பயிர்ச்செய்கைக் குழுக்களிடம் சிறுகுளங்களின் பராமரிப்பை ஒப்படைக்க அது முனைந்தது. ஊழியம் கட்டாயத்தாற் செய்ததை மக்களாட்சி விருப்பத்தாற் செய்யலாம் என்ற எண்ணம் அதில் இருந்தது. அமைச்சரவைக்குள்ளேயே அச்சட்டத்தின் பற்கள் பிடுங்கப்பட்டன. 1959இல் பிலிப்பும் பதவி இழந்தார். 1979இன் கமநல சேவைகள் சட்டத்தோடு அம்முயற்சி முற்றுப்பெற்றது. இன்றுள்ள கமக்கார அமைப்புகள் கூட்டத்திற்கு அழைக்கப்படுகின்றன. விதைப்புத் திகதியைப் பற்றிப் பேசுகின்றன. மாரி இரவில் வான்கதவைத் திறக்கும் முடிவில் அவற்றின் குரல் எவ்வளவு?

இனி, முன்னர் குறிப்பிட்ட மலையக மக்களிடம் வருவோம். 1958, 1977, 1983 வன்செயல்களாலும் 1970களின் தோட்டத்துப் பட்டினியாலும் பெயர்ந்து வந்தோர் மலையாளபுரம், பாரதிபுரம், சாந்தபுரம், தருமபுரம் முதலிய ஊர்களிற் குடியேறினர். முந்தி வந்தோருக்கு வாய்க்கால் வயல் கிடைத்தது. பிந்தி வந்த இவர்களுக்குப் பெரும்பாலும் மேட்டுக்காணியும் கூலிவேலையுமே கிடைத்தன. காணிக்குப் பத்திரமின்றிப் பல பத்தாண்டு வாழ்ந்தோர் பலர். பத்திரமில்லாதவனுக்கு வெள்ள நட்டஈடு கேட்பதும் கடினம். வாய்க்காலின் நீர் கோடையில் இவர்களுக்கு எட்டுவதில்லை. மாரியில் மட்டும் தேடி வருகின்றது.

போரும் குளங்களை விட்டுவைக்கவில்லை. 2009 சனவரியில் கல்மடுக்குளத்தின் கட்டு போரின் நடுவே தகர்க்கப்பட்டது. குளமும் ஓர் ஆயுதமாயிற்று. பராமரிக்க ஆளின்றிக் கிடந்த சிறுகுளங்களோ நூற்றுக்கணக்கானவை.

2018 டிசெம்பர் 21, 22 ஆம் நாள்களில் வன்னியிற் பெருமழை பெய்தது. அண்மையிற் புனரமைக்கப்பட்டிருந்த இரணைமடுவின் வான்கதவுகள் திறக்கப்பட, கிளிநொச்சித் தாழ்நிலங்கள் இரவோடிரவாக மூழ்கின. கதவுகள் உரிய வேளையில் திறக்கப்பட்டனவா என்ற கேள்வி எழுந்தது; மாகாண ஆளுநர் விசாரணைக் குழு ஒன்றையும் அமைத்தார். குற்றம் எந்த அலுவலரைச் சாரும் என்று தேடுவது நமது வேலையன்று. கேள்வியே நமக்கு முக்கியம். கோடைக்காக நீரைச் சேமிக்க விரும்பும் கையும், வெள்ளத்துக்கு அஞ்சி நீரை விடவேண்டிய கையும் ஒன்றே. முன்னதாகத் திறந்தபின் மழை பொய்த்தால் சிறுபோகம் போய்விடும். பிந்தித் திறந்தால் கீழூர்கள் போய்விடும். இந்த இக்கட்டான முடிவின் பயனையும் பாதிப்பையும் அனுபவிப்போர் அம்முடிவெடுக்கும் இடத்தில் இல்லை என்பதே குறை.

களப்பின் தொடுவாயிலும் இதே சிக்கல் உண்டு. தொடுவாயை முந்தி வெட்டினால் இறால் கடலுக்குப் போய்விடும் என்பான் மீனவன். பிந்தினால் நெல் அழுகிவிடும் என்பான் கமக்காரன். இருவரும் ஏழைகள். இருவரையும் ஒரே பாயில் இருத்திப் பேசவைக்கும் ஏற்பாடு இன்றேல், புயல் வந்த பின்னரே மண்வெட்டி எடுக்கப்படும். டித்வா வெள்ளத்தின்போது சுண்டிக்குளம் முகத்துவாரத்தை அகலமாக்கச் சென்ற கடற்படையினர் ஐவர் நீரோடு போய் உயிர்நீத்தனர். அவர்களும் உழைத்துண்போர் வீட்டுப் பிள்ளைகளே. கனகராயன் ஆறு வந்துவிழும் களப்பு அது. ஆற்றின் தலையில் நேர்ந்த அசட்டையின் விலை அதன் வாயிற் செலுத்தப்படுகின்றது.

எச்சரிக்கையின் மொழி

அவகாசத்தைப் பற்றிக் கூறினோம். அவகாசம் பயன்பட வேண்டுமாயின் செய்தி மக்களின் மொழியில் வரவேண்டும். 1956இல் சிங்களம் மட்டும் ஆட்சிமொழியாயிற்று. 1987இல் அரசியலமைப்பின் 13ஆம் திருத்தத்தாலேயே தமிழும் ஆட்சிமொழி என்ற இடத்தைப் பெற்றது. ஏட்டிற் பெற்ற இடம் ஆற்றங்கரை வரை வரவில்லை. டித்வாவின்போது தமிழில் எச்சரிக்கைகள் குறைந்தும் தாமதித்தும் வந்தன என்ற முறைப்பாடு பரவலாக எழுந்தது. மொழியுரிமை என்பது மேடைப்பேச்சுக்குரிய பொருள் என்று எண்ணுவோர் இதைச் சிந்திக்கவேண்டும். இரவு பத்து மணிக்கு வரும் ஓர் அறிவித்தலைப் படிக்க இயலாதவனுக்கு அது உயிர்ப் பிரச்சினை.

டித்வாவுக்குப் பின்னர், மண்சரிவுக்கு அஞ்சும் மலையக மக்களுக்கு வடக்கிற் காணி வழங்கலாம் என்ற குரல்களும் கேட்டன. மனிதாபிமானக் குரல்கள் அவை, வரவேற்போம். ஆனால் முன்னர் வந்தோருக்கு எந்தக் காணி கொடுத்தோம் என்ற கணக்கையும் உடன் எடுத்துப் பார்ப்போம். மலைச்சரிவிலிருந்து ஒருவனை இறக்கி வான்பாய்ச்சலின் வழியில் இருத்துவது மீட்பாகாது. பத்திரத்தோடு காணி, காணிக்கு நீர், நீரைப் பற்றிய கூட்டத்தில் ஓர் இருக்கை: இம்மூன்றும் இல்லாத குடியேற்றம் அடுத்த வெள்ளத்துக்கு ஆள்சேர்ப்பதாகவே முடியும்.

ஆசிரியர்களுக்கும் மாணவர்களுக்கும் இதில் ஒரு பணி உண்டு. வன்னியின் ஒவ்வொரு பாடசாலையைச் சுற்றியும் சில குளங்கள் உள. அவற்றின் பெயர் என்ன, யார் கட்டினர், எந்த ஆண்டில் உடைந்தது, எந்த வெள்ளத்தில் நீர் எவ்வளவு உயரம் வந்தது, அப்போது மக்கள் எங்கே ஒதுங்கினர் என்பனவற்றை முதியோரிடம் கேட்டு எழுதிவைக்கலாம். 1964ஐத் தம் கண்ணாற் கண்டோர் இன்னும் சிலர் நம்மிடையே இருக்கின்றனர்; அவர்கள் இருக்கும்போதே இவ்வேலையைச் செய்தல் வேண்டும். பாடசாலைச் சுவரில் வெள்ளத்தின் உயரத்தைக் கோடிட்டு ஆண்டைப் பொறிப்பதற்குப் பெரும் செலவில்லை. அடுத்த குடியேற்றத் திட்டத்துக்குக் காணி அளக்க வருபவர் அக்கோட்டைப் பார்க்கட்டும். கதவு திறப்பதைப் பற்றி முடிவெடுக்கும் கூட்டத்தில் கமக்காரனும் மீனவனும் அக்குறிப்பேட்டைக் கையிற் கொண்டு பேசட்டும். அடுத்த கார்த்திகைக்கு முன்னர் தொடங்கக்கூடிய வேலை இது.